செயற்கை மொழியின் அகராதியில் இலக்கணக் குறிப்புகளை எவ்வளவு எழுதுவது, எப்படி எழுதுவது?

மேகமலையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஆறு ஆண்டுகளாக நான் ஒரு மொழியை உருவாக்கி வருகிறேன். அதற்கு முறையான பெயர் ஏதும் இன்னும் வைக்கவில்லை. அதைப் பேசுவோர் மலைச்சரிவில் ஓர் ஆற்றையொட்டி வாழ்வதாகக் கற்பனை செய்திருப்பதால், வீட்டில் எல்லோரும் அதை மலைமொழி என்றே சொல்கிறார்கள். இதுவரை 1,400 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. நான் மட்டும் பயன்படுத்தியவரை அந்தக் கோப்பு போதுமானதாக இருந்தது. இப்போது நண்பர்கள் மூவர் மொழியைக் கற்றுக்கொண்டு அதிலேயே எனக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே, பிறர் கையில் கொடுக்கத்தக்க அகராதியாக அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பெ. (பெயர்), வி. (வினை), பெ.அ. (பெயரடை) என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதிவைத்திருந்தேன். சென்ற மாதம் தோழி ஒருவர் தம் மகளுக்காக ஒரு தாலாட்டை மலைமொழியில் எழுதி எனக்கு அனுப்பினார். பாட்டு அழகாக இருந்தது. ஆனால் அதிலுள்ள வினைகளில் பாதிக்கு மேல் தவறான இறந்தகால வடிவத்தில் இருந்தன. ‘தெமு’ (விழு) என்னும் வினை இறந்தகாலத்தில் ‘தெமுர’ ஆகும். ‘கமு’ (ஒளி) என்னும் வினையோ ‘கமிச’ ஆகும். இரண்டும் ஒரே ஒலியில் முடிந்தாலும் வெவ்வேறு வழியில் திரிகின்றன. எது எவ்வழியில் திரியும் என்பது என் நினைவில் இருந்ததே தவிர அகராதியில் இல்லை. அவர் எழுதியதைப் பிழை என்று சொல்வதற்கே எனக்கு மனம் வரவில்லை.

அதைச் சரிசெய்யத் தொடங்கியபோது குறிப்புகள் அளவு மீறிப்போயின. இப்போது ஒரு வினைக்கு எதிரே ‘வி2.குன்.இட.உ’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் திரிபு வகையைச் சேர்ந்த வினை, செயப்படுபொருள் குன்றியது, இடவேற்றுமை ஏற்பது, உயிருள்ள எழுவாயை வேண்டுவது என்பது அதன் விரிவு. நண்பர்கள் இந்தக் குறிகளைப் படிப்பதே இல்லை என்பது அடுத்தடுத்து வந்த கடிதங்களிலிருந்து தெரிந்துவிட்டது.

பெயர்ச்சொற்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மலைமொழியில் பெயர்கள் உயிர்ப்பவை, நிற்பவை, ஓடுபவை என்று மூன்று வகுப்புகளாகப் பிரியும். வகுப்புக்கு ஏற்பச் சுட்டுச்சொல்லும் வினைமுற்றும் மாறும். பெரும்பாலான பெயர்களின் வகுப்பைப் பொருளைக் கொண்டே சொல்லிவிடலாம். நீர், புகை, காற்று, காலம் எல்லாம் ஓடுபவை. ஆனால் மீனும் (‘ஸிரு’) சாலையும் கூட ஓடுபவற்றில்தான் சேரும். இவை தவிர, ‘லிவ’ (பெரிய) போன்ற பண்புச் சொற்களுக்குப் பெ.அ. என்று போட்டிருக்கிறேன், அவையோ ‘லிவர’ (பெரிதாக இருந்தது) என்று காலமும் காட்டுகின்றன.

இவற்றுள் எவற்றை அகராதியில் எழுத வேண்டும், எவற்றை இலக்கண நூலுக்கு விட்டுவிடலாம்? எழுதுவதைக் குறிகளாக எழுதுவதா, வேறு வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


நிகண்டு நேசன் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். முதலில் ஒன்று: அந்தத் தாலாட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அகராதியில் எது விடுபட்டிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இலக்கண விதியைக் கொண்டு ஊகிக்க முடியாததை அகராதி சொல்ல வேண்டும். ஊகிக்க முடிந்ததை இலக்கண நூல் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவினை பழையது. எப்படிச் சொல்வது என்பதில்தான் அகராதிகள் வேறுபடுகின்றன, அதற்கு நம் வீட்டு அலமாரியிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ‘உடை-தல்’ என்ற பதிவுக்கு 4 என்ற எண்ணும் ‘உடை-த்தல்’ என்ற பதிவுக்கு 11 என்ற எண்ணும் இருக்கும். அந்த எண்கள் வினைத்திரிபு வகைகளைக் குறிப்பவை. கூடவே குன்றியது, குன்றாதது என்ற குறிப்பும் உண்டு. 1992இல் முதற்பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியோ எண்ணைத் தருவதில்லை. ஒன்றுக்கு ‘உடைய, உடைந்து’ என்றும் மற்றொன்றுக்கு ‘உடைக்க, உடைத்து’ என்றும் இரண்டு வடிவங்களை அடைப்புக்குறிக்குள் தந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இரண்டும் சொல்லும் செய்தி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எண்ணைப் படிப்பவர் அட்டவணையைத் தேடிப் போக வேண்டும். வடிவத்தைப் படிப்பவர் அங்கேயே நின்று ‘உடைத்து’ என்பதிலிருந்து உடைத்தான், உடைத்த, உடைத்தால் என எல்லாவற்றையும் தாமே வருவித்துக்கொள்வார். பேரகராதியைப் பல ஆண்டுகள் புரட்டியவன் நான். அந்த எண்கள் இன்றும் எனக்கு மனப்பாடமில்லை. அதன் தலைச்சொல்லில் உள்ள ‘-தல்’, ‘-த்தல்’ என்ற விகுதிகளைப் பார்த்துத்தான் வினை மெலிந்ததா வலிந்ததா என்று அறிந்துகொள்கிறேன். அந்த அகராதிக்குள்ளும் பயன்படுவது வடிவமே.

ஆகவே ‘வி2’ என்பதை எடுத்துவிட்டு ‘கமு (கமிச)’ என்று எழுதுங்கள். ஒரே ஒரு வடிவம் போதும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், எதிலிருந்து மற்றவற்றை வருவிக்க முடியுமோ அதை. லத்தீன் அகராதிகள் அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘ரேகிஸ்’ என்ற ஆறாம் வேற்றுமை வடிவத்தைத் தருவது இதற்காகவே. எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளுக்காக உருவாக்கிய க்வென்யா மொழியில் சிறு பறவையைக் குறிக்கும் ‘ஃபிலித்’ என்பதற்குப் பன்மை ‘ஃபிலிகி’. ஒருமையைப் பார்த்து அந்தப் பன்மையை யாராலும் ஊகிக்க முடியாது. பன்மை தெரிந்தால் அடிச்சொல் எது என்பது விளங்கிவிடும். அவர் தம் சொற்பட்டியலில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

பெயர் வகுப்பைப் பற்றி. இந்தியில் ‘பானி’ (தண்ணீர்) ஆண்பால், ‘சடக்’ (சாலை) பெண்பால். பொருளைக் கொண்டு அறிய வழியில்லை என்பதால் அவர்களுடைய அகராதி ஒவ்வொரு பெயருக்கும் பால் குறிக்கிறது. தமிழில் திணையும் பாலும் பொருளிலிருந்தே கிடைத்துவிடுவதால் நம் அகராதிகள் அதைக் குறிப்பதில்லை. குழந்தை அழுகிறது என்பதையும் சூரியன் உதித்தது என்பதையும் பேச்சிலிருந்து கற்றுக்கொள்கிறோம். உங்கள் மொழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே விதிக்குள் அடங்குபவற்றை விட்டுவிட்டு மீன், சாலை போன்றவற்றுக்கு மட்டும் குறிப்பு எழுதலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இயற்கை மொழியின் அகராதியில் குறிப்பு இல்லையென்றால் சொல் விதிப்படி நடக்கிறது என்று பொருள். நாமே ஆக்கிக்கொண்டிருக்கும் மொழியில் குறிப்பு இல்லாமைக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆசிரியர் அந்தச் சொல்லைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. இவ்விரண்டையும் வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. ஓராண்டு கழித்து ஆசிரியராலும் முடியாது. நண்பர்களுக்குத் தரும் படியில் விதிவிலக்குகள் மட்டும் இருக்கட்டும். உங்கள் கோப்பில் 1,400 சொற்களுக்கும், விதிப்படி நடப்பவை உட்பட, எழுதிவிடுங்கள்.


பச்சை விண்மீன் எழுதியது:

நேசன் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மாறுபடுகிறேன். விதியைக் கொண்டு ஊகிக்க முடிந்தாலும், படிப்பவரின் தாய்மொழி தவறான பக்கம் இழுக்கும் என்றால் அதையும் குறித்தே ஆக வேண்டும். எஸ்பெராண்டோ என்னும் செயற்கை மொழியைக் கற்ற அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

எஸ்பெராண்டோவில் பெயர்ச்சொல் ‘ஓ’ என்றும் பெயரடை ‘ஆ’ என்றும் வினையின் அகராதி வடிவம் ‘இ’ என்றும் முடியும். விதிவிலக்கு இல்லை. சொல்லைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடுவதால் அகராதியில் பெ., வி. என்று எழுதவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் வேர்ச்சொல்லுக்கே ஓர் இயல்பு இருக்கிறது. ‘ப்ரோசோ’ என்றால் துடைக்கும் தூரிகை. அதன் ஈற்றை மாற்றி ‘ப்ரோசி’ என்றால் தூரிகையால் துடைத்தல். இதைப் பார்த்துவிட்டு, ‘கோம்பி’ என்பது தலை சீவுதல் என்பதால் ‘கோம்போ’ என்றால் சீப்பாக இருக்கும் என்று எண்ணினால் தவறு. கோம்போ என்பது சீவும் செயல். சீப்புக்குக் கருவி ஒட்டைச் சேர்த்துக் ‘கோம்பிலோ’ என்று சொல்ல வேண்டும். முதல் வேர் பொருளைக் குறித்துப் பிறந்தது. இரண்டாவது செயலைக் குறித்துப் பிறந்தது. ஈற்றெழுத்தைப் பார்த்து இதை அறிய முடியாது.

1887இல் வார்சாவில் மொழியை வெளியிட்ட சாமென்ஹோஃப், பின்னர்த் தொகுத்த அடிப்படைச் சொற்பட்டியலில் இதற்குத் தனிக்குறி எதுவும் வைக்கவில்லை. வேரை ஈறின்றி எழுதி, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யம், போலிஷ் ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் தந்தார். அந்தப் பட்டியல் 1905இல் மொழியின் மாற்ற முடியாத அடித்தளமாகிய நூலிலும் இடம்பெற்றது. ஆங்கிலப் பொருளை மட்டும் பார்த்தால், இரண்டு வேர்களுக்கும் பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடிய சொல்லே இருப்பதால் ஒன்றும் தெரியாது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒன்றுக்குப் பெயரும் மற்றொன்றுக்கு வினையும் தெளிவாக இருக்கின்றன. பொருள் விளக்கமே இலக்கணக் குறிப்பாக நின்றுவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நாம் பொருள் எழுதும் மொழி எந்த இடத்தில் வேறுபாடு காட்டும், எந்த இடத்தில் காட்டாது என்பதை அறிந்து எழுத வேண்டும் என்பது. தமிழில் சீவு, சீப்பு என்று எழுதினாலே மேற்சொன்ன குழப்பம் வராது. ஆனால் நீங்கள் ‘கமு’ என்பதற்கு ‘ஒளி’ என்று பொருள் எழுதியிருக்கிறீர்கள். வி. என்ற குறி இருப்பதால் வெளிச்சம் என்று யாரும் எண்ணமாட்டார்கள் என்பது சரி. ஆனால் ஒளிந்தானா, ஒளித்தானா? தமிழ்ப் பகுதி இரண்டுக்கும் ஒன்றே. ஏவல் வடிவத்தில் பொருள் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு ஒளிதல், ஒளித்தல், உடைதல், உடைத்தல் என்று தொழிற்பெயரில் எழுதினால் குன்றியது, குன்றாதது என்ற குறிப்பே தேவைப்படாது.

தாய்மொழி இழுப்பதற்கு என் அனுபவம் ஒன்று. எஸ்பெராண்டோவில் ‘போலி’ என்பது தானாகக் கொதித்தல். தண்ணீரை நாம் கொதிக்கவைப்பதற்குப் ‘போலிகி’ என்று வேறு சொல் உண்டு. தமிழிலும் கொதித்தல் வேறு, கொதிக்கவைத்தல் வேறு என்பதால் இதில் எனக்கு ஒருநாளும் பிழை வந்ததில்லை. ‘கொமென்சி’ என்பது ஒன்றைத் தொடங்குதல். கூட்டம் தானாகத் தொடங்கியது என்று சொல்வதற்கு ‘கொமென்சிஜி’ என்ற வேறு வடிவம் வேண்டும். தமிழில் ‘அவர் கூட்டத்தைத் தொடங்கினார்’, ‘கூட்டம் தொடங்கியது’ என இரண்டுக்கும் ஒரே வினை. நான் இரண்டாண்டுகள் இந்தப் பிழையைச் செய்துகொண்டே இருந்தேன். 1970இல் வெளிவந்த பேரகராதியான ‘ப்ளேனா இலுஸ்த்ரிதா வோர்தாரோ’வைப் புரட்டியபோதுதான் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் குன்றியது, குன்றாதது என்ற சுருக்கக்குறி இருப்பதைக் கவனித்தேன். அந்தச் சிறு குறி இல்லையென்றால் இன்னும் பல ஆண்டுகள் அப்படியே எழுதியிருப்பேன்.

ஆகவே ‘தொடங்கு’, ‘நிரப்பு’ என எல்லாவற்றையும் ஒரே அளவில் பார்க்க வேண்டாம். தமிழ் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லும் இடங்களைத் தேடி எடுத்து, அங்கே மட்டும் ஒரு முழு எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுங்கள்.


மேகமலையான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சை விண்மீன் எழுதியதைப் படித்ததும் தாலாட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் ‘மேகம் நிலவை ஒளித்தது’ என்ற பொருளில் ‘கமு’ வந்திருக்கிறது. நான் எண்ணியிருந்தது தானாக ஒளிந்துகொள்வது மட்டுமே. இறந்தகால வடிவம் தவறியதை மட்டும் கண்டு அவருக்குத் திருத்தம் எழுதியிருந்தேன். இதை நானே கவனிக்கவில்லை. இன்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

நேற்றிரவு, முதல் ஐம்பது வினைகளைப் புதிய முறையில் எழுதிப் பார்த்தேன். ‘தெமு (தெமுர): விழுதல்’, ‘கமு (கமிச): ஒளிந்துகொள்ளுதல்’ என்று வருகிறது. படிக்க எளிதாக இருக்கிறது. இரண்டு சிக்கல்கள் மட்டும் தீரவில்லை. ஒன்று, ‘லிவ’ போன்ற பண்புச் சொற்களுக்கு என்ன வகை எழுதுவது என்பது. மற்றொன்று, ‘பெசா’ (உதவுதல்) போன்ற வினைகளின் வேற்றுமை. உதவி பெறுபவர் மலைமொழியில் ‘ஹு’ என்ற இடவேற்றுமை உருபை ஏற்பார். தமிழில் நான்காம் வேற்றுமை வருவதால் நண்பர்கள் எல்லோரும் அதையே எழுதிவிடுகிறார்கள்.


இடைச்சொல் எழுதியது:

வணக்கம். பண்புச் சொற்களைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செயற்கை மொழி அகராதிகளில் மிகுதியாக நேரும் தவறு இதில்தான் இருக்கிறது. பெரிய என்ற பொருள் உள்ள சொல் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயரடையாக இருப்பதால் நம் மொழியிலும் பெயரடை என்று எழுதிவிடுகிறோம். சொல்லின் வகையை முடிவு செய்வது அதன் பொருள் அன்று. அந்த மொழிக்குள் அது நடந்துகொள்ளும் விதம்.

ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழிக்கு 1985இல் வந்த அகராதியைப் பாருங்கள். அதில் பெரிய என்பதற்கான சொல் ‘தின்’ (நம் ‘தின்’ அன்று). அதற்கு வினை என்றே குறி இருக்கிறது; பொருளையும் ‘பெரிதாக இருத்தல்’ என்று வரும்படி எழுதியிருக்கிறார்கள். ‘டுஜ்’ என்றால் கப்பல். ‘தின் டுஜ்’ என்றால் கப்பல் பெரிதாக இருக்கிறது. ‘டுஜ் தின்’ என்றால் பெரிய கப்பல். அந்த மொழியில் எழுவாய் வினைக்குப் பின்னால் வரும் என்பதால் முதலாவது வாக்கியமாகிறது. அகராதியில் பெயரடை என்ற ஒரு வகையே தேவைப்படவில்லை.

இது நமக்கு அந்நியமான கருத்தும் அன்று. தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பகுக்கிறது. பெயரடை அதில் இல்லை. ‘பெரியன்’ என்பதைக் குறிப்பு வினைமுற்று என்றும் ‘பெரிய’ என்பதைக் குறிப்புப் பெயரெச்சம் என்றும் நம் மரபிலக்கணம் வினையின் பக்கமே சேர்த்து வைத்திருக்கிறது. தற்கால அகராதிகள் பெ.அ. என்று எழுதுவது தற்காலத் தமிழின் நடப்பை ஒட்டி. மலைமொழியின் ‘லிவ’ காலம் காட்டுகிறது என்றால், எதிர்மறையும் மற்ற வினைகளைப் போலவே ஏற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். ஏற்குமானால் தயங்காமல் வி. என்று எழுதி, பொருளைப் ‘பெரிதாக இருத்தல்’ என்று மாற்றிவிடுங்கள். ஏற்காவிட்டால் அதற்கென்று ஒரு வகைப்பெயரை நீங்களே வைத்து, அது எவ்வாறு நடக்கும் என்பதை முன்னுரையில் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். பிறமொழிப் பெயரைக் கடன் வாங்கினால் அந்தப் பெயரோடு வரும் எதிர்பார்ப்புகளும் சேர்ந்து வந்துவிடும்.

வேற்றுமை பற்றி. லோஜ்பான் என்னும் செயற்கை மொழியின் சொற்பட்டியல் இதில் எட்டக்கூடிய எல்லையைக் காட்டுகிறது. ‘க்லமா’ என்ற சொல்லுக்கு அங்கே போதல் அல்லது வருதல் என்று மட்டும் பொருள் எழுதுவதில்லை. முதலிடத்தில் இருப்பவர், இரண்டாமிடத்தில் உள்ள ஊருக்கு, மூன்றாமிடத்திலிருந்து, நான்காமிடத்தின் வழியாக, ஐந்தாமிடத்தில் உள்ள ஊர்தியில் செல்கிறார் என்று ஐந்து இடங்களையும் வரிசையாகச் சொல்கிறார்கள். அந்த வரிசைதான் வாக்கியம். உங்கள் மொழியில் உருபுகள் இருப்பதால் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் பொருளுக்குள்ளேயே பங்கேற்பவர்களை எழுதிவிடும் அந்த முறையைப் பின்பற்றலாம். ‘ஒருவருக்கு உதவுதல், உதவி பெறுபவர் ஹு ஏற்பார்’ என்று எழுதுங்கள், உங்கள் பழைய குறியில் இருந்த ‘இட’ என்ற இரண்டெழுத்தைவிட இது நீளம்தான், ஆனால் கற்பவர் கண்ணில் படும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறிப்பு தலைச்சொல்லுக்கு உரியதன்று, பொருளுக்கு உரியது. ‘பந்தைப் பிடித்தான்’ என்பதில் எழுவாய் முதல் வேற்றுமையிலும் பந்து இரண்டாம் வேற்றுமையிலும் வருகின்றன. ‘எனக்கு இசை பிடிக்கும்’ என்பதில் விரும்புகிறவர் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். ‘பிடி’ என்ற தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே குறியை ஒட்டினால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வந்தால் இலக்கணக் குறிப்பையும் அந்தந்தப் பொருளுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.


நிகண்டு நேசன் எழுதியது:

இடைச்சொல் சொன்னதை வழிமொழிகிறேன். கோப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல். ‘வி2.குன்.இட.உ’ என்ற குறியை அழித்துவிடாதீர்கள். குறிமுறையே தவறு என்று நான் சொல்லவில்லை. அது இருக்கும் இடம்தான் தவறு.

சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் மரபில் வந்த வேர்ப்பட்டியலான தாதுபாடத்தில் ஏறக்குறைய 2,000 வேர்கள் பத்துக் கணங்களாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. வேரோடு சில எழுத்துகள் ஒட்டப்பட்டிருக்கும். செய்தலைக் குறிக்கும் ‘க்ரு’ என்ற வேர் அங்கே ‘டுக்ருஞ்’ என்று நிற்கிறது. ஈற்றில் உள்ள ‘ஞ்’ அந்த வினை அம்மொழியின் இருவகை வினைவிகுதி வரிசைகளிலும் திரியும் என்று சொல்கிறது. முதலில் உள்ள ‘டு’, செயற்கை என்று பொருள்படும் ‘க்ருத்ரிம’ என்ற சொல் அதிலிருந்து பிறக்க இடமளிக்கிறது. இவ்வெழுத்துகள் பேச்சில் ஒலிப்பதே இல்லை. மனப்பாடம் செய்யும் மாணவருக்கும் சூத்திரங்களுக்கும் இடையே அவை வேலை செய்துவிட்டு மறைந்துவிடும். இதைவிடச் சுருக்கமான குறிமுறையை நான் அறியேன். ஆனால் அது இலக்கணம் முழுவதையும் அறிந்தவருக்காக அமைந்தது.

உங்கள் கோப்பில் திரிபுக்கு ஒரு நிரல், வகுப்புக்கு ஒரு நிரல், வேற்றுமைக்கு ஒரு நிரல் என்று தனித்தனியாகப் பிரித்துக் குறிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டத்துக்குள் புள்ளி வைத்து நான்கையும் அடுக்கினால், ‘ச’ வழியில் திரியும் வினைகளை மட்டும் எடுத்துப் பார்க்க விரும்பும் நாளில் எடுக்க முடியாது. முடிவு செய்யாதவற்றுக்குக் கட்டத்தை வெறுமையாக விடாமல் கேள்விக்குறி போடுங்கள். நண்பர்களுக்குத் தரும் படியை அந்த நிரல்களிலிருந்து சொற்களாக விரித்துத் தயாரியுங்கள்.


மேகமலையான் எழுதியது:

எல்லோருக்கும் மீண்டும் நன்றி. ஒரு வாரம் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு எழுதுகிறேன். நிரல்களைப் பிரித்தேன். ‘லிவ’ எதிர்மறையையும் மற்ற வினைகளைப் போலவே ஏற்கிறது. நான் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன், வகையை மட்டும் தவறாகக் குறித்திருக்கிறேன். பெ.அ. என்ற வகையை முழுவதும் நீக்கிவிட்டேன். 83 சொற்கள் வினைக்கு மாறின. ‘பெசா’ இப்போது இப்படி இருக்கிறது:

பெசா (பெசார) வி. ஒருவருக்கு உதவுதல், உதவி பெறுபவர் ஹு ஏற்பார். நே மாலோஹு பெசார: நான் அம்மாவுக்கு உதவினேன்.

கேள்விக்குறி போடச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. பெயர் வகுப்பு நிரலில் மட்டும் 61 கேள்விக்குறிகள் விழுந்தன. அவற்றில் பலவற்றை முடிவு செய்துவிட்டதாகவே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். ‘ஸிரு’ (மீன்) அவற்றில் ஒன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓடுபவை என்று முதலிலேயே தீர்மானித்த சொல் அது. ஆனால் தாலாட்டு எழுதிய தோழி, தாலாட்டின் கடைசி அடியில் கூரையில் காயும் மீனைப் பாடும்போது நிற்பவற்றுக்குரிய சுட்டுச்சொல்லைப் போட்டிருக்கிறார். அதையும் பிழைப் பட்டியலில் சேர்த்திருந்தேன். ஆற்றில் இருக்கும்போது ஓடுவது, கூரைக்கு வந்தபின் ஏன் ஓட வேண்டும் என்று அவர் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

வகுப்புக் குறிப்பைப் பொருளுக்குள் வைக்கலாம் என்று இடைச்சொல் அவர்கள் வேற்றுமைக்குச் சொன்னதை இங்கும் பின்பற்றினேன். இன்று காலை எழுதிய பதிவு இது:

ஸிரு பெ. 1. (ஓடுபவை) நீரில் வாழும் மீன். 2. (நிற்பவை) பிடித்த மீன். உலர்ந்த மீன், கருவாடு.

இரண்டாம் பொருளுக்கு எடுத்துக்காட்டாகத் தாலாட்டின் அந்த அடியையே, அவருடைய அனுமதியோடு, சேர்த்திருக்கிறேன்.